வாசகர் கேள்வி – பதில்: ஊதா ஓரமிட்ட ஒரு தொப்பி

பழம்பொருள்கள் பற்றிய இப்பகுதியில் இம்முறை சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த ஒரு கடிதத்துக்கே பெரும்பகுதி இடத்தைக் கொடுத்திருக்கிறேன். அதே பொருளையொட்டி மற்ற வாசகர்கள் கேட்டிருந்தவற்றுக்கு அதன் பின் சுருக்கமாக விடை எழுதியுள்ளேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் தாத்தா எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையற்காரராக இருந்தவர். 1960-களின் தொடக்கத்தில் துரை ஊர் திரும்பியபோது விட்டுச் சென்ற டிரங்குப் பெட்டியில் ஒரு பட்டாளத்துத் தொப்பி இருந்தது. சாம்பல் கலந்த பச்சை நிறம். நடுவில் அடர்பச்சைப் பட்டை. ஓரங்களில் ஊதாப் பைப்பிங், அதாவது தையலோடு ஓடும் மெல்லிய துணிக்கரை. முன்புறம் கழுகு, அதன் கீழ் ஒரு சிறு சிலுவை, அதற்கும் கீழ் இலை வளையம். போருக்குச் சென்ற ஜெர்மானியப் பாதிரியாரின் தொப்பி என்று துரை சொன்னதாகத் தாத்தா சொல்வார். பினாங்கில் இருந்த ஜெர்மானியரிடமிருந்து வந்ததாக இருக்கும் என்கிறார் என் கணவர். சிறுவனாக இருந்தபோது என் மாமா இதைப் பள்ளி நாடகத்தில் போலீஸ்காரர் வேடத்துக்கு அணிந்ததும் உண்டு. இப்போது ஒரு வியாபாரி விலை பேசுகிறார். சிலுவை போலி என்பதால் தொப்பியும் போலி என்று சொல்லி விலையைக் குறைக்கிறார். என் தாயாரோ இதை வீட்டிலேயே வைக்கக்கூடாது என்கிறார். அவருடைய தாய்மாமன் போர்க்காலத்தில் ஜப்பானியரால் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதவர். பதினொரு படங்களை அனுப்பியிருக்கிறேன். இது உண்மையான தொப்பிதானா?

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, தங்கள் ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தொப்பி உண்மையானதா என்பது ஒன்று. அதன் மேல் இன்று இருக்கும் சின்னங்கள் அந்தத் தொப்பிக்கே உரியவையா என்பது மற்றொன்று. வியாபாரி இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார். சிலுவையைப் பற்றி அவர் சொல்வது சரி. அதிலிருந்து தொப்பியைப் பற்றி அவர் வரும் முடிவு சரியன்று.

முதலில் தொப்பியின் நிறங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானியத் தரைப்படையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் இருந்தது. காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப்படைக்குச் சிவப்பு, குதிரைப்படைக்குப் பொன்மஞ்சள், மருத்துவப் பிரிவுக்கு நீலம், படைப்பாதிரியார்களுக்கு ஊதா என்பது ஏற்பாடு. தொப்பியின் மேல்வட்ட விளிம்பிலும், பச்சைப் பட்டையின் மேல் கீழ் ஓரங்களிலுமாக மூன்று வரிசையில் ஓடும் பைப்பிங் அந்த நிறத்தில் இருக்கும். பாதிரியாரின் தொப்பியில் கூடுதலாக, கழுகுக்கும் இலை வளையத்துக்கும் இடையே ஒரு சிறு கோதிக் பாணிச் சிலுவை பொருத்தப்பட்டிருக்கும். அவர்கள் அதிகாரிகளுக்கு இணையாக மதிக்கப்பட்டதால், முன்புறத்தில் தோல் வாருக்குப் பதிலாக அலுமினிய இழையில் முறுக்கிய வெள்ளிநிறக் கயிறு வரும். தங்கள் படங்களில் அந்தக் கயிறு இருக்கிறது. ஆனால் கயிற்றை மாற்றுவது இரண்டு பொத்தான்களைக் கழற்றி மாட்டும் வேலைதான் என்பதால், அதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

இத்தொப்பிகளுக்கு இவ்வளவு போலிகள் ஏன் என்று தாங்கள் வியக்கலாம். ஒரு டிவிஷனுக்குக் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர், சீர்திருத்தச் சபைப் பாதிரியார் ஒருவர் என்பதுதான் பொதுவான ஏற்பாடு. போரின் தொடக்கத்தில் முழு பலத்தோடு இருந்த ஒரு காலாட்படை டிவிஷனில் 17,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவே இரண்டே ஊதாத் தொப்பிக்காரர்கள் என்றால் அசல் எவ்வளவு அரிது என்பது விளங்கும். வெள்ளைப் பைப்பிங் கொண்ட காலாட்படைத் தொப்பிகளோ ஏராளமாக எஞ்சியிருக்கின்றன. ஆகவே போலி செய்கிறவர் புதிதாக ஒரு தொப்பியைத் தைப்பதைவிட, உண்மையான ஒரு சாதாரணத் தொப்பியை வாங்கி, பைப்பிங்கை மாற்றியோ சாயமேற்றியோ, ஒரு சிலுவையைச் செருகிவிடுவதே வழக்கம். துணி அசல், உள்ளே இருக்கும் தோல் பட்டை அசல், தயாரிப்பாளர் பெயர் அசல். பொய் இருப்பது ஊதா நிறத்தில் மட்டும். அதனால்தான் தொப்பியைக் கையில் வாங்கியதும் பலரும் கழுகையும் சிலுவையையும் உற்றுப் பார்க்கிறார்கள். நான் தையலைப் பார்க்கிறேன்.

இப்பழக்கம் எனக்கு என் தந்தையாரிடமிருந்து வந்தது. அவர் லயத்து வீட்டின் முன்னறையில் ஒரு சிங்கர் இயந்திரம் வைத்துத் தைத்தவர். ஒரு சட்டையின் கழுத்துப்பட்டையை யாராவது பிரித்துத் திருப்பித் தைத்திருந்தால், விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஊசி ஒரு முறை நுழைந்த துணி அதை மறப்பதில்லை. பிரித்த தையலின் பழைய துளைகள் புதிய தையலின் அருகிலேயே வரிசையாக நிற்கும். பைப்பிங் மாற்றப்பட்ட தொப்பியிலும் இதுவே நடக்கிறது. மேல்வட்ட விளிம்பை இரு கட்டைவிரல்களாலும் மெல்ல விலக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், தொழிற்சாலைத் தையல் ஒரே வரிசைத் துளைகளோடு சீராக ஓடும். இரண்டு வரிசை இருந்தால் அந்தத் தொப்பி ஒரு முறையேனும் பிரிக்கப்பட்டிருக்கிறது. போர்க்காலத்திலேயே தையற்காரரிடம் கொடுத்து மாற்றிக்கொண்ட பாதிரியார்களும் இருந்திருக்கலாம் என்பதால், இரண்டாம் துளை வரிசை மட்டுமே போலிக்குத் தீர்ப்பாகாது. அப்போது நூல் எந்தக் காலத்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

சாயமேற்றிய பைப்பிங் இதைவிடத் தந்திரமானது. அதில் எதையும் பிரிக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நானே அப்படி ஒரு தொப்பியை ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். மருத்துவப் பிரிவின் நீலப் பைப்பிங்கின் மேல் சிவப்புச் சாயத்தைத் தூரிகையால் தடவி ஊதாவாக்கியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்க்க மிக அழகாக இருந்தது. தையலை விலக்கிப் பார்த்தபோது மடிப்பின் அடியில் பழைய நீலம் அப்படியே இருந்தது. பச்சைப் பட்டையின் ஓரத்தில் சாயம் கசிந்து மயிரிழை அளவுக்கு ஒரு கறை ஓடியிருந்தது. அன்று முதல், வெளிச்சம் படாத மடிப்பில் இருக்கும் நிறத்தைத்தான் நம்புகிறேன். உண்மையான பைப்பிங்கில் உள்மடிப்பும் ஊதாவாகவே இருக்கும். வெயில் படாததால் வெளிப்புறத்தைவிடச் சற்று அடர்த்தியாகவும் இருக்கும்.

தங்கள் மூன்றாவது, நான்காவது படங்கள் இந்த வகையில் எனக்கு நம்பிக்கை தருகின்றன. மேல்வட்டத்தின் இடப்பக்கத்தில் பைப்பிங் வெளிறி ஏறக்குறைய இளஞ்சிவப்பாகிவிட்டது. வலப்பக்கம் இன்னும் ஊதாவாக இருக்கிறது. அருகிலுள்ள சாம்பல்பச்சைத் துணியும் அதே இடப்பக்கத்தில் அதே அளவுக்கு வெளிறியிருக்கிறது. நீண்ட காலம் ஒரே பக்கமாக ஒளி விழுந்த அலமாரியில் இருந்திருக்கிறது போலும். துணியும் பைப்பிங்கும் சேர்ந்தே மூப்படைந்திருக்கின்றன. இன்னொன்று, அந்துப்பூச்சி அரித்த தடம் துணியிலிருந்து பைப்பிங்கின் மேலாகவும் தொடர்கிறது. கம்பளித் துணியை அரித்த பூச்சி, பக்கத்திலிருந்த கம்பளிப் பைப்பிங்கை மட்டும் விட்டுவைத்திருந்தால் நான் ஐயப்பட்டிருப்பேன்.

இனிச் சிலுவை. இன்று தொப்பியின் மேல் இருக்கும் சிலுவையில் கிறிஸ்துவின் திருவுருவம் இருக்கிறது. தொப்பிச் சிலுவையில் அவ்வுருவம் இருப்பதில்லை. திருவுருவம் உள்ள சிலுவையைக் கத்தோலிக்கப் படைப்பாதிரியார்கள் கழுத்துச் சங்கிலியில் மார்பின் மேல் அணிந்தார்கள். அது அளவில் பெரியது. தங்களிடம் உள்ளது ஜெபமாலையின் நுனியில் தொங்கும் சிறு சிலுவை என்றே கருதுகிறேன். அதன் தலைப்பில் வளையத்தை வெட்டிய தழும்பும் ஏழாவது படத்தில் தெரிகிறது. அதை வெள்ளை நூலால் தைத்து நிறுத்தியிருக்கிறார்கள். அசல் சின்னங்களின் பின்புறத்தில் மெல்லிய உலோகக் கால்கள் இருக்கும், அவை துணியைத் துளைத்து உள்ளே சென்று விரித்து மடக்கப்பட்டிருக்கும், நூல் தேவைப்படாது.

ஆனால் அதே ஏழாவது படத்தை மீண்டும் பாருங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து அதை எடுத்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அந்த ஜெபமாலைச் சிலுவையின் ஓரங்களுக்கு வெளியே, அதைவிடச் சற்று அகலமாக, வெளிறாத துணியில் ஒரு சிலுவையின் நிழல் தெரிகிறது. அதன் மேலும் கீழும் இரண்டு சிறு துளைகள் இருக்கின்றன. துளையைச் சுற்றித் துரு நிறக் கறையும் இருக்கிறது. நெடுங்காலம் அங்கே வேறொரு சிலுவை உலோகக் கால்களோடு நின்று, தன் அடியிலிருந்த துணியை வெயிலிலிருந்து காத்திருக்கிறது. இத்தகைய நிழலை ஓர் இரவில் உண்டாக்குவது எளிதன்று. பள்ளி நாடகத்துக்குப் போலீஸ்காரர் தொப்பி வேண்டியிருந்தபோது யாரோ அச்சிலுவையைக் கழற்றியிருக்கலாம். பின்னர் தாத்தாவின் சொல்லை மனத்தில் வைத்து இன்னொருவர் கைக்குக் கிடைத்த சிலுவையைத் தைத்திருக்கலாம். தங்கள் மாமா இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்த அசல் சிலுவை இன்னும் ஏதாவது பொத்தான் டப்பாவில் கிடக்கக்கூடும்.

ஆக, என் கருத்து இது: தொப்பி பாதிரியார் தொப்பியாகவே தயாரிக்கப்பட்டதாகத் தோன்றுகிறது, அதன் சிலுவை தொலைந்து வேறொன்று வந்திருக்கிறது. இதை உறுதியாகச் சொல்ல எனக்கு இன்னும் மூன்று படங்கள் தேவை. தலையைத் தொடும் தோல் பட்டையை விலக்கி, முன்பக்கத்தில் கழுகின் கால்களும் அந்த இரண்டு துளைகளும் உள்ளே எப்படி இருக்கின்றன என்று எடுங்கள். கழுகை மேலே தூக்கி மாட்டியதற்கான பழைய துளைகள் இருக்கின்றனவா என்பதும் அதில் தெரியும். பின்னாளில் சிலுவைக்கு இடம் உண்டாக்குகிறவர்கள் அப்படிச் செய்ய நேரும். அடுத்து, மேல்வட்டத் தையலை விலக்கிய படம். மூன்றாவது, உள்துணியின் நடுவிலுள்ள வைர வடிவ செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்) தகட்டின் அடியில் இருக்கும் எழுத்துகள். அங்கே பெர்லினின் எரெல், ரோன்ஸ்டோர்ஃபின் பெக்குரோ போன்ற தயாரிப்பாளர் பெயர் இருக்கலாம். அளவு செண்டிமீட்டரில், 56, 57 என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆர்.இசட்.எம். என்ற மூன்று எழுத்துகள் கொண்ட சீட்டு இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். அது நாட்சிக் கட்சி அமைப்புகளின் சீருடைகளுக்கு உரிய முத்திரை, தரைப்படைத் தொப்பியில் அதற்கு வேலையில்லை. தோல் பட்டையின் உட்புறத்தில் அணிந்தவரின் பெயரோ தலைப்பெழுத்தோ இருந்தால் அது எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது. ஃப்ரைபர்க் நகரில் ஜெர்மனியின் இராணுவ ஆவணக் காப்பகமும், பெர்லினில் கத்தோலிக்க இராணுவ ஆயரின் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. ஒரு பெயரோடு சென்றால்தான் அங்கே எதையும் கேட்க முடியும்.

புறஊதாக்கதிர் விளக்குச் சோதனையையும் செய்யலாம். ரிங்கிட் நோட்டுகளைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் சிறு விளக்கே போதும். பாலியெஸ்டர் இழை 1941-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டுப் போருக்குப் பின்னரே சந்தைக்கு வந்தது. நூலுக்கு ஒளிர்வு தரும் வெளுப்புப் பொருள்கள் பரவலானதும் போருக்குப் பின்னர்தான். இருட்டில் தையல் நூல் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் பிற்காலத் தையல் என்று ஐயப்பட வேண்டும். ஆனால் யாராவது இத்தொப்பியைச் சவர்க்காரத் தூளில் ஊறவைத்துத் துவைத்திருந்தால், அசல் நூலும் அப்படியே ஒளிரும். நாடகத்துக்குப் பின் துவைத்தார்களா என்று கேட்டுவிட்டுச் சோதியுங்கள். ஒளிரவில்லை என்பதாலேயே அசல் என்றும் சொல்ல முடியாது. பழைய பருத்தி நூலைத் தேடி வாங்கித் தைக்கிறவர்களும் உண்டு. சிலர் பழுக்கக் காய்ச்சிய ஊசியைச் செல்லுலாய்டில் குத்திச் சோதிக்கச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும் பொருள்.

பினாங்கு பற்றித் தங்கள் கணவர் சொல்வதில் வரலாற்று உண்மை இருக்கிறது. 1943-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பினாங்கைத் தளமாகக் கொண்டிருந்தன. ஸ்வெட்டன்ஹாம் துறையில் அவை நின்றன. ஆயினும் அங்கே வந்தவர்கள் கடற்படையினர். கடற்படை அதிகாரியின் தொப்பி கருநீலத்தில், கறுப்புப் பட்டையும் பொன்னிறக் கழுகும் கொண்டது. நீர்மூழ்கிகளில் பாதிரியாரும் செல்வதில்லை. தரைப்படைப் பாதிரியாரின் சாம்பல்பச்சைத் தொப்பி அவ்வழியாக வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. துரையின் வழியே பொருத்தமாக இருக்கிறது: ஐரோப்பாவில் போரிட்ட பிரிட்டிஷ் படையினர் பலர், போர் முடிந்ததும் தோட்ட நிர்வாகிகளாக மலாயாவுக்கு வந்தார்கள். சரணடைந்த எதிரியின் தொப்பியை நினைவுப்பொருளாக எடுத்துச் செல்வது அன்றைய படைவீரர்களிடம் சாதாரணமாக இருந்த வழக்கம். தாத்தா சொன்னதை எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், துரை எந்தப் படையில் இருந்தார் என்ற விவரங்களோடு இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். ஆனால் அக்கதையைத் தொப்பிக்குச் சான்றாக வைக்காதீர்கள். தொப்பி தன் தையலாலேயே நிற்க வேண்டும்.

தங்கள் தாயாரின் மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். கழுகின் காலில் இருக்கும் சுவஸ்திகா 1934-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜெர்மானியப் படைச் சீருடைகளில் ஏற்றப்பட்டது. பாதிரியாரின் தொப்பியிலும் சிலுவைக்கு மேலேதான் அது நின்றது. நம் வாசல்களிலும் கணக்குப் புத்தகங்களிலும் நாம் இடும் சின்னத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்றும் ஜெர்மனியில் அதைப் பொதுவெளியில் காட்டுவது குற்றம். தொப்பியை வரவேற்பறையில் பார்வைக்கு வைக்காமல் பெட்டிக்குள் வைத்திருங்கள். விற்பதா, அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதா என்பதை அம்மாவிடம் கலந்துகொண்டு முடிவு செய்யுங்கள். அந்த மூன்று படங்கள் எடுக்கும் வரை வியாபாரிக்கு எந்த வாக்கும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஈப்போவின் ஞாயிறு சந்தையில் ஒரு ஜெர்மானியப் போர்க்களத் தொப்பியைப் பார்த்தேன். முன்விளிம்பு நீண்டு, பக்கங்களை மடித்து விடும் வகை. கழுகுக்குக் கீழே ஊதா நாடா தலைகீழ் வி வடிவில் தைக்கப்பட்டிருந்தது. 1943-ஆம் ஆண்டின் பாதிரியார் தொப்பி என்றார் கடைக்காரர். வாங்கலாமா? — கோலக்கங்சார் வாசகர்

பதில்: வாங்க வேண்டாம். படகு வடிவத்தில் மடியும் பழைய போர்க்களத் தொப்பியில்தான் பிரிவின் நிறத்தில் அப்படி ஒரு நாடா இருந்தது. 1942-ஆம் ஆண்டில் அந்த நாடா நீக்கப்பட்டது. நீங்கள் பார்த்த நீண்ட முன்விளிம்புத் தொப்பி 1943-இல்தான் அறிமுகமானது. நாடா போன பிறகு வந்த தொப்பியில் நாடா இருப்பது, விற்பவர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார் என்பதையே காட்டுகிறது. பழைய படகு வடிவத் தொப்பியில் ஊதா நாடா இருந்தால் அது வேறு கதை. அப்போது நாடாவின் அடியில் துணி வெளிறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: விமானப்படையின் நீலச்சாம்பல் தொப்பியில் ஊதாப் பைப்பிங்கும் சிலுவையும் இருப்பதாக ஒரு படம் எனக்கு வந்தது. விமானப்படைப் பாதிரியார் தொப்பி மிகவும் அரிதாமே? — சுங்கை சிப்புட் மாணவர்

பதில்: அரிது அன்று, தம்பி, அது இல்லாத பொருள். நாட்சித் தலைவர்களுள் ஒருவரான கோரிங்கின் தலைமையில் இருந்த ஜெர்மானிய விமானப்படையில் பாதிரியார் பதவியே ஏற்படுத்தப்படவில்லை. தரைப்படையில் கத்தோலிக்கருக்கு ஆயர் ரார்கோவ்ஸ்கியும் சீர்திருத்தச் சபைக்கு ஆயர் டோர்மானும் தலைமை வகித்தார்கள். எந்த நிறுவனத்தில் எந்தப் பதவி இருந்தது என்று தெரிந்துகொள்வது, உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை.

கேள்வி: பழைய தொப்பிச் சின்னங்கள் கறுத்துப் போயிருக்கின்றன. எப்படித் துலக்குவது? தொப்பியில் பூஞ்சணமும் பிடிக்கிறது. — பீடோர் வாசகி

பதில்: குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியோ எலுமிச்சையோ இட்டுத் துலக்கிவிடாதீர்கள். இச்சின்னங்களில் பல அலுமினியத்தாலும், போரின் பிற்பகுதியில் துத்தநாகத்தாலும் ஆனவை. புளிப்பு அவற்றின் மேற்பரப்பையே அரித்துவிடும். கடையில் விற்கும் உலோக மெருகு திரவம் இறகுகளின் இடுக்கில் வெள்ளைப் பொடியாகப் படிந்து, துணியிலும் கறையேற்றும். அந்தக் கறுப்பும் ஒரு சாட்சிதான். கழுகும் வளையமும் ஒரே அளவு கறுத்திருக்க, நடுவில் ஒன்று மட்டும் பளபளத்தால் அது எப்போது வந்தது என்று கேட்க முடிகிறது. துலக்கிவிட்டால் அக்கேள்விக்கு இடமில்லாமல் போகும்.

பூஞ்சணத்துக்கு, வெயில் நேராகப் படாத, காற்றோட்டமான இடத்தில் ஒரு பகல் வைத்து உலரவிட்டு, மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டிவிடுங்கள்; வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அமிலமற்ற தாளைக் கசக்கித் தொப்பிக்குள் நிரப்பி, அட்டைப் பெட்டியில் சிலிக்கா மணிப் பொட்டலங்களோடு வையுங்கள். மணிகளை மாதம் ஒரு முறை உலர்த்துங்கள். அந்துருண்டை போடுவதானால் துணியில் சுற்றிப் பெட்டியின் மூலையில் வையுங்கள். உள்ளே இருக்கும் செல்லுலாய்டு தகட்டின் மேல் அது படவே கூடாது.